ஷீட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவே

சென்னை வீடுகளில் 'அட்டிக்' (கூரைக்கடி இடம்) என்று காட்ட நம்மிடம் ஒன்றும் கிடையாது. ஓட்டு வீட்டில் பரண் இருந்தது. கான்கிரீட் வந்த பிறகு லாஃப்ட்தான், அதுவும் கொலுப் பெட்டியும் ஓட்டைக் குடமும் ஏற்றி வைக்க. ஆனால் மொட்டை மாடியில் தகர ஷீட் போட்டு ஒரு ரூம் எழுப்பி, அடியில் ஃபால்ஸ் சீலிங் அடித்தோமானால், ஷீட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவே இரண்டடி இடம் தானாக வந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத இடம். ஏப்ரலில் அதற்குள் கையை விட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், வீட்டுக்கு மேலே ஒரு அடுப்பு எரிகிறது என்று.

கொளத்தூரில் எங்கள் மாடி ரூம் அப்படிப்பட்டது. பையன் பன்னிரண்டாம் வகுப்பு வந்ததும் அவனுக்குப் படிக்க என்று கட்டினோம். முதல் கோடையிலேயே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கீழே ஹாலுக்கு இறங்கி வந்துவிட்டான். ஒன்றரை டன் ஏசி ஓடும், ரூம் குளிராது. பிறகு கூரையில் ஒரு ஃபேன் பொருத்தி அந்த இடைவெளியின் சூட்டை வெளியே தள்ள ஆரம்பித்தோம். முதல் தடவை அது வேலையே செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு அந்தச் செலவு மிச்சம்.

முதலில் உங்கள் கூரை எது என்று பாருங்கள்

தகர ஷீட், அடியில் ஃபால்ஸ் சீலிங் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது. ஓட்டு வீட்டில் அடியில் பலகையோ சீலிங்கோ அடித்திருந்தாலும் பொருந்தும்.

சாம்பல் நிற சிமென்ட் ஷீட், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் என்றால் ஷீட்டில் கை வைக்காதீர்கள். துளை போடும்போதும் அறுக்கும்போதும் பறக்கும் தூளில் இருக்கும் நார் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. புற்றுநோய் வரை கொண்டுபோய் விடும். அதுபோக, அதன் மேல் கால் வைத்தால் உடைந்து ஆள் உள்ளே விழுவான். இந்தக் கூரைக்கு ஃபேன் வேண்டுமென்றால் ஷீட்டை விட்டுவிட்டு, மேல்பக்கச் சுவரில் செங்கல்லை எடுத்துப் பொருத்துங்கள்.

கான்கிரீட் தளம் மட்டும்தான் என்றால் கூரை ஃபேன் வாங்கி ஏமாறாதீர்கள். அங்கே இடைவெளியே இல்லை, எதை வெளியே தள்ளுவது? பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம் சாயங்காலத்துக்கு மேல்தான் அதைக் கீழே விட ஆரம்பிக்கும். இரவு பத்து மணிக்கு மேல்மாடிக் கட்டிலில் படுத்தால் முகத்துக்கு நேரே அனல் இறங்குவது அதனால்தான். அதற்கு வேறு வழி: மாடிப்படி முடிகிற ஹெட்ரூமில் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றை வைத்து, இரவு எட்டு மணிக்கு மேல் கீழ்வீட்டு ஜன்னல்களைத் திறந்துவிட்டு ஓட்டுவது. வெளிக்காற்று உள்ளே வந்து படிவழியே மேலேறிப் போகும். தளத்தின் மேலே தட்டு ஓடு பதித்த வெதரிங் கோர்ஸ் நல்ல நிலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் மழைக்கு மட்டும் போட்டதில்லை, வெயிலுக்கும்தான்.

ஃபேனுக்கு முன்னால் பெயின்ட்

இதைச் சொன்னால் ஃபேன் விற்பவர்களுக்குக் கோபம் வரும். கணக்கைப் பாருங்கள். எங்கள் ரூம் 16க்கு 12 அடி, 192 சதுர அடி. சதுர மீட்டரில் கிட்டத்தட்ட 18. உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1000 வாட் கொட்டும். சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து, நட்டு வைத்த குச்சிக்கு நிழலே விழாது. அந்த நாட்களில் கூரை மொத்தத்தையும் வாங்கிக்கொள்ளும். ஆகக்கூடி அந்தச் சின்ன ஷீட்டின் மேல் விழுவது 17, 18 கிலோவாட். அதில் ஒரு பகுதியைக் காற்றும் வானமும் திருப்பி எடுத்துக்கொண்டாலும் மீதி நமக்குத்தான். ஒன்றரை டன் ஏசி வெளியே தள்ளக்கூடியது 5.2 கிலோவாட். நல்ல ஃபேன் ஒன்று இடைவெளியிலிருந்து எடுத்துப்போவது 2 கிலோவாட் என்றால் அதுவே அதிகம்.

அதனால் வெயிலை ஷீட்டிலேயே திருப்பி அனுப்புவது முதல் வேலை. நீல ஷீட்டும் பச்சை ஷீட்டும் கீழிருந்து பார்க்க அழகு, வெயிலுக்கு விருந்து. தகரத்துக்கென்று விற்கும் வெள்ளை ரிஃப்ளெக்டிவ் பெயின்ட்டை இரண்டு கோட் அடியுங்கள். முந்தின நாள் சோப்புத் தண்ணீரில் கழுவி, துரு இருந்தால் தேய்த்து ப்ரைமர் வைத்த பிறகு. வெறும் சுண்ணாம்பு தகரத்தில் ஒட்டாது, முதல் மழையில் கால்வாய் வழியே பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். வருடா வருடம் பிப்ரவரி, மார்ச்சில் ஒரு தடவை கழுவிவிடுங்கள். சென்னைத் தூசி படிந்த வெள்ளை, வெள்ளை இல்லை.

இரண்டாவது, ஷீட் கொதிக்கும்போது காற்றைச் சூடாக்குவது பாதிதான். மீதியை அது நேராகச் சீலிங் மேல் அனலாக வீசும், இட்லிக்கடை அடுப்பு பக்கத்தில் நிற்கிறவர் முகத்தில் அடிப்பது போல. ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அந்த வீச்சைத் தடுக்காது. பளபளப்பான அலுமினியத் தாள் ஒட்டிய பபிள் ஷீட்டை, தகரத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினுக்கு அடியில் இழுத்துக் கட்டினால் அது தடுக்கும். ஆனால் தகரத்தோடு ஒட்டிவிடக் கூடாது, நடுவில் ஓரங்குலமாவது காற்று இருக்க வேண்டும். ஒயர் போகிற இடத்தில் தாள் படாமல் வெட்டிவிடுங்கள், அலுமினியத்தில் கரன்ட் பாயும்.

இந்த இரண்டையும் செய்த பிறகும் இடைவெளி கொதிக்கிறதா? அப்போது ஃபேன்.

அளந்து பாருங்கள்

ஒயர் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, ஒயரைச் சீலிங்கின் விளக்குத் துளை வழியே மேலே விடுங்கள். பகல் ஒரு மணி, மூன்று மணி, இரவு எட்டு மணி என்று மூன்று நாள் குறித்து வையுங்கள். வெளி வெப்பத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். வெளியைவிட உள்ளே ஏழெட்டு டிகிரியாவது ஏறியிருந்தால் ஃபேனுக்கு வேலை இருக்கிறது. மூன்று நான்கு டிகிரிதான் என்றால் காசை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். ஃபேன் வெளிக்காற்றைத்தான் உள்ளே கொண்டுவரும். அதைவிடக் குளிராக்க அதனால் முடியாது. சென்னையில் 45 டிகிரி தொட்ட 2003 மே மாதம் மாதிரி ஒரு நாள் வந்தால், இடைவெளியும் 45க்குக் கீழே இறங்காது.

எவ்வளவு பெரிய ஃபேன்?

இடைவெளியின் தரைப்பரப்பில் சதுர அடிக்கு நிமிடத்துக்கு 0.7 கன அடி காற்று என்பது அட்டிக் ஃபேனுக்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் கணக்கு. 192 அடிக்கு 134 வரும். அந்தக் கணக்கு மரக்கூரை வீடுகளை வைத்துப் போட்டது. நம் ஷீட் வெறும் தகரம், வெயில் சென்னை வெயில். நான் இரட்டிப்பாக்கினேன்: 270. சராசரி இரண்டடி உயரத்தில் எங்கள் இடைவெளிக்குள் இருப்பது 384 கன அடிக் காற்று. ஒன்றரை நிமிடத்துக்குள் மொத்தமும் மாறிவிடும்.

கடைப் பெட்டியில் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று போட்டிருப்பார்கள். நிமிடக் கன அடியை 1.7ஆல் பெருக்கினால் அந்த எண் வரும், நமக்குக் கிட்டத்தட்ட 460. பெரும்பாலும் 9 அங்குல ஃபேனில் கிடைத்துவிடும். பெட்டி எண்ணைப் பார்த்தே வாங்குங்கள், ஒரே அளவு ரெக்கையில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் இருக்கிறது. வலையும் லூவரும் (சாய்ந்த பட்டைத் தடுப்பு) போட்டபின் அந்த எண் குறையும் என்பதால் கொஞ்சம் மேலேயே எடுங்கள். ப்ளாஸ்டிக் உடம்பு வேண்டாம், அந்தச் சூட்டில் நாளடைவில் வளையலாம். மோட்டார் பால் பேரிங் வைத்ததா, சூடானால் தானே நிற்கும் தெர்மல் கட்-ஆஃப் உண்டா என்று கேளுங்கள். பாத்ரூமுக்கு விற்பது பாத்ரூமுக்குத்தான்.

அம்பத்தூர், கிண்டி எஸ்டேட் ஷெட்டுகளின் தலையில் எஃகுக் குடம் மாதிரி சுற்றுமே, டர்போ வென்டிலேட்டர், அது போதாதா என்று கேட்கிறார்கள். கரன்ட் வேண்டாம், நல்ல பொருள், முப்பதடி உயர ஷெட்டில். காற்றும் உயரமும் இருந்தால்தான் அது இழுக்கும். மே மாதம் பதினோரு மணிக்கு, கடல்காற்று வருவதற்கு முன்னால், ஒரு இலைகூட ஆடாத நேரத்தில்தான் நமக்கு ஃபேன் தேவை. அப்போது அதுவும் பார்த்துக்கொண்டு நிற்கும்.

காற்று எங்கிருந்து வரும்?

எங்கள் முதல் முயற்சி கெட்டது இங்கேதான். ஃபேனை மேலே பொருத்தி ஸ்விட்சைப் போட்டோம். சத்தம் நன்றாக வந்தது. தெர்மாமீட்டர் அசையவில்லை. எலக்ட்ரீஷியன் தம்பி ஷீட் மேலே குந்தி ஃபேனின் வாய்ப்பக்கம் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, ரெக்கை சுத்துது, காத்து வரலையே" என்றான். பூஜை அறையிலிருந்து ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி எடுத்துப்போய் ரூமுக்குள் நின்றேன். புகை நேராக மேலே போய், சீலிங் விளக்கின் ஓரத்தில் இருந்த நூலளவு சந்துக்குள் சர்ரென்று நுழைந்தது. அடுத்த விளக்கிலும் அப்படியே. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. காசு கொடுத்துக் குளிர வைத்த காற்றை விளக்குத் துளை வழியே உறிஞ்சிக் கூரைக்கு மேலே விட்டுக்கொண்டிருந்தோம். அதுவும் போதாமல் ஃபேன் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

வெளியே தள்ளுகிற அளவுக்கு உள்ளே வர வழி வேண்டும். கணக்கு இது: நிமிடத்துக்கு 300 கன அடிக்கு ஒரு சதுர அடி திறப்பு. எங்கள் 270க்கு 0.9 சதுர அடி, அதாவது 130 சதுர அங்குலம். இது வலை இல்லாத வெற்றுத் திறப்புக்கு. வலையும் லூவரும் பாதியை அடைத்துக்கொள்ளும். ஆகவே 260. பன்னிரண்டுக்கு ஆறு அங்குலத்தில் நான்கு திறப்பு வைத்தால் 288 வந்துவிடும். அப்படித்தான் வைத்தோம்.

இடம் முக்கியம். ஃபேன் கூரையின் உயர்ந்த பக்கம், திறப்புகள் தாழ்ந்த பக்கம், சீலிங்குக்குச் சற்று மேலே. சூடான காற்று மேலேதான் ஏறும், அது ஏறுகிற திசையிலேயே நாமும் தள்ளினால் பாதி வேலை சும்மா நடக்கும். திறப்பும் ஃபேனும் அருகருகே இருந்தால் காற்று குறுக்கு வழியில் போய்விடும், தூர மூலையில் சூடு அப்படியே குந்தியிருக்கும். திசை என்று பார்த்தால் கிழக்கும் தென்கிழக்கும் நல்லது, பிற்பகல் கடல்காற்று அந்தப் பக்கம்தான். ஆனால் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையும் அந்தப் பக்கத்திலிருந்துதான் சாரல் அடிக்கும். கீழ்நோக்கிச் சாய்ந்த லூவர் போட்டு, புயல் சமயத்தில் அடைக்க உள்ளே தகர மூடி ஒன்றும் வைத்துவிடுங்கள். வலை காலங்குலக் கண் உள்ள ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) வலையாக இருக்கட்டும். அணிலும் புறாவும் எலியும் நுழையாது. கொசுவலை போட்டால் இரண்டு மாதத்தில் தூசி அடைத்துவிடும்.

அப்புறம் சீலிங்கில் இருக்கும் விளக்குத் துளை, ஃபேன் கொக்கி, ஒயர் இறங்கும் இடம் எல்லாவற்றையும் அடையுங்கள். சூடாகிற விளக்கின் மேல் எதையும் மூடாமல், ஓரத்தை மட்டும். ஊதுபத்தியை மறுபடி காட்டினால் புகை நேராக எழுந்து கலைய வேண்டும். திறப்புப் பக்கம் காட்டினால் உள்ளே இழுக்க வேண்டும். இந்தச் சோதனையில் தேறாமல் வேலை செய்தவருக்கு முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

ஷீட்டில் துளை போடுவது

மேலே ஏற நேரம் காலை ஆறிலிருந்து எட்டரை. பத்து மணிக்கு மேல் ஷீட்டில் கை வைத்தால் தோல் போகும். பர்லின் போகும் கோட்டில், அதாவது ஸ்க்ரூ வரிசை தெரிகிற இடத்தில், பலகை போட்டு அதன் மேல்தான் நடக்க வேண்டும். இடுப்பில் கயிறு. பக்கத்தில் மின்கம்பி போனால் நீளமான தகரத்தை அந்தப் பக்கம் தூக்கவே கூடாது. இதை நீங்களே செய்யுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஷீட் வேலை தெரிந்த வெல்டரைக் கூப்பிடுங்கள், நீங்கள் கீழே நின்று கேள்வி கேளுங்கள்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஃப்ளாஷிங் (துளையைச் சுற்றித் தண்ணீர் இறங்காமல் அடிக்கும் தகடு) எப்படிப் போடப் போகிறீர்கள் என்பது. ஃபேன் உட்காரும் தகரப் பெட்டி ஷீட்டுக்கு மேல் ஆறங்குலமாவது எழும்பி நிற்க வேண்டும். அதைச் சுற்றி வரும் தகட்டின் மேல் விளிம்பு, மேலே இருக்கும் ஷீட்டுக்கோ முகட்டுத் தகட்டுக்கோ அடியில் நுழைய வேண்டும். கீழ் விளிம்பு கீழ் ஷீட்டின் மேலே படிய வேண்டும். ஓடு அடுக்குவது போலத்தான், மேலே இருந்து வரும் தண்ணீர் ஒவ்வொன்றின் மேலாகவும் வழுக்கிப் போகும். "அதெல்லாம் வேணாம்க்கா, சிலிகான் வெச்சு இழுத்துடலாம்" என்று சொன்னால் ஆளை மாற்றுங்கள். ஒரு வெயில் காலம் தாங்கும் அந்தச் சிலிகான், அடுத்த மழைக்குப் படுக்கையில் பக்கெட் வைக்க வேண்டும். ஃப்ளாஷிங் போட்ட பிறகு சந்துக்குச் சிலிகான் வைப்பது சரி. அதிலும் வினிகர் வாடை அடிக்கிற வகை வேண்டாம், அதன் அமிலம் துத்தநாகப் பூச்சை அரித்துத் துருவை அழைத்துவரும். நியூட்ரல் என்று கேட்டு வாங்குங்கள். ஸ்க்ரூ எல்லாம் ரப்பர் வாஷர் வைத்ததாக, ஷீட்டின் மேட்டில் ஏற வேண்டும், பள்ளத்தில் ஏறக் கூடாது. தண்ணீர் ஓடுவது பள்ளத்தில்.

கடைசியில் ஒரு பக்கெட் தண்ணீரை முகட்டிலிருந்து ஊற்றச் சொல்லி, உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு பக்கெட் போதாது, ஐந்து பக்கெட்.

2016 டிசம்பர் வர்தா புயலில் இந்த ஊரில் எத்தனை மாடி ஷீட் பறந்தது என்று பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஃபேன் பெட்டியை வெறும் ஷீட்டில் மட்டும் மாட்டாமல், அடியில் இரண்டு பர்லினுக்கு நடுவே ஆங்கிள் வைத்து அதில் போல்ட் போடச் சொல்லுங்கள். மேலே மழைத்தொப்பி கட்டாயம். உயர்ந்த பக்கத்தில் சுவர் இருந்து அதில் ஃபேன் வைக்க முடியும் என்றால், கூரையை விட்டு அங்கேயே வைத்துவிடுங்கள் என்பது என் கட்சி. ஒழுகும் கவலை பாதியாகக் குறையும்.

கரன்ட்

லைசென்ஸ் வாங்கிய எலக்ட்ரீஷியன் வேண்டும். தகரக் கூரை, தகரப் பெட்டி, மழை மூன்றும் சேர்ந்த இடத்தில் எர்த் இல்லாமல் ஒரு ஒயர்கூடப் போகக் கூடாது. வீட்டில் கரன்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லை என்றால் இதைச் சாக்கு வைத்து அதையும் போட்டுவிடுங்கள். ஷீட் ஃப்ரேமையும் எர்த் பண்ணச் சொல்லுங்கள். ஒயர் முழுவதும் பைப்புக்குள், தகர விளிம்பில் உரசாமல். ஸ்விட்ச் ரூமுக்குள், கை எட்டும் இடத்தில்.

தெர்மோஸ்டாட் வைப்பது சோம்பேறித்தனமில்லை. பள்ளிக்கும் வேலைக்கும் போனபின் பத்து மணிக்கு யார் வந்து ஸ்விட்ச் போடுவது? ரிச்சி தெருவில் சென்சாரோடு டிஜிட்டல் கன்ட்ரோலர் கிடைக்கும். சென்சாரை முகட்டுக்குக் கீழே, தகரத்தில் படாமல் தொங்கவிடுங்கள். நான் 40இல் ஓடவும் 37இல் நிற்கவும் வைத்திருக்கிறேன். 35 என்று வைத்தால் மே மாதத்தில் இருட்டிய பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும். தகரம் வெயில் போன ஒரு மணி நேரத்தில் ஆறிவிடும் என்பதால் எட்டு மணிக்கு மேல் ஓட்டிப் பயனில்லை.

செலவு என்று பார்த்தால் 40 வாட் மோட்டார் நாளுக்கு 9 மணி நேரம் ஓடினால் 0.36 யூனிட். இரண்டு மாதக் கணக்கில் 22 யூனிட்கூட ஆகாது. ஏசி குறைவாக ஓடுவதில் அதைவிட எவ்வளவோ மிச்சமாகிறது. சோலார் தகட்டோடு வருகிற ஃபேனும் உண்டு. வெயில் அடிக்கும்போதுதான் ஓட வேண்டும் என்பதால் யோசனை நல்லதுதான், ஒயர் தொல்லையும் இல்லை. தகட்டின் அளவு சின்னதாக இருந்தால் காற்று போதாது, அதே 270 கணக்கைக் காட்டிக் கேளுங்கள்.

பிறகு

மாதம் ஒரு முறை வலையைத் தட்டிவிட வேண்டும். பங்குனி பிறந்ததும் ரெக்கையைத் துடைத்து, கத்திரி தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள் ஓட்டிச் சத்தம் கேளுங்கள். கரகரவென்றால் பேரிங் போகிறது. ஐப்பசியில் திறப்புகளின் மூடியைப் போட்டு, கன்ட்ரோலரை அணைத்துவிடுங்கள். மூடியைப் போட்டுவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிட்டால் மறுபடி விளக்குத் துளை வழியே இழுக்க ஆரம்பிக்கும்.

எங்கள் நோட்டில் இருக்கும் கணக்கு: பெயின்ட்டுக்கு முன்னால் ஒரு மே மாத மதியம் வெளியே 39, இடைவெளியில் 57. வெள்ளை அடித்து, தாள் கட்டிய பிறகு 47. ஃபேனும் திறப்பும் சரியான பிறகு 42. ரூமுக்குள் ஏசியை 26இல் வைத்தால் இப்போது நின்று நின்று ஓடுகிறது, முன்பு நிற்கவே நிற்காது. பையன் மாடிக்குத் திரும்பிவிட்டான். படிக்கிறானா என்பது ஃபேன் கையில் இல்லை.